ஒரே தரவு, மூன்று வேலை: தேர்தல் முடிவை ஆய்வுக்கும் வகுப்புக்கும் பத்திரிகைக்கும் கொண்டுபோக முழுமையான வழிகாட்டி

அரசியல் அறிவியல் துறையில் புதிதாகச் சேரும் விரிவுரையாளருக்கும் முனைவர் பட்ட மாணவருக்கும் மூன்று வேலைகள் ஒரே நேரத்தில் தலையில் விழுகின்றன. ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும்; வகுப்பெடுக்க வேண்டும்; தேர்தல் வந்துவிட்டால் நாளிதழும் தொலைக்காட்சியும் கூப்பிடும். பலரும் இவற்றை மூன்று தனி வேலைகளாகச் செய்யப் பார்த்து, மூன்றையும் அரைகுறையாக விடுகிறார்கள்.

ஒரே தரவை வைத்து மூன்றையும் முடிக்கலாம். ஆனால் வரிசை மாறக் கூடாது: முதலில் அட்டவணை, பிறகு வகுப்பு, கடைசியில் பத்திரிகை. நான் பார்த்த புதியவர்களில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கருத்தை முதலில் எழுதிவிட்டு, அதற்குத் தோதான எண்ணைப் பிறகு தேடுகிறார்கள். தேடினால் எந்தக் கருத்துக்கும் ஓர் எண் கிடைத்துவிடும் என்பதுதான் சிக்கல்.

இங்கே தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தொகுதி ஒன்றின் முடிவை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போகிறேன்.

1. கையில் இருக்க வேண்டியவை

தொகுதியின் படிவம் 20 வேண்டும். வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை வாக்கு என்று தேர்தல் நடத்தும் அதிகாரி தயாரிக்கும் இறுதி முடிவுப் பட்டியல் அது. மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கும். அத்துடன் அதே தேர்தலுக்கான வாக்குச்சாவடிப் பட்டியலையும் இறக்கி வையுங்கள். படிவம் 20-இல் சாவடி எண் மட்டுமே இருக்கும். அது எந்தத் தெரு, எந்தப் பள்ளிக்கூடம் என்பது இந்தப் பட்டியலில்தான் தெரியும். தேர்தல் முடிந்து நாளாகிவிட்டால் பழைய பட்டியல் இருந்த இடத்தில் புதியது ஏறிவிடும். ஆகவே இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மூன்றாவது, வேட்பாளர் பட்டியல். கட்சிப் பெயரோடு சின்னமும் இருக்க வேண்டும். ஏன் என்பது நான்காம் படியில் வரும்.

எக்செல் போதும். புள்ளியியல் மென்பொருள் கற்றுக்கொண்ட பிறகுதான் தொடங்குவேன் என்று ஒரு பருவத்தையே கழிப்பவர்கள் உண்டு. ஒரு தொகுதியில் சில நூறு வரிசைகள்தான். கூட்டவும் வகுக்கவும் தெரிந்தால் வேலை நடக்கும்.

2. கேள்வியைச் சுருக்குங்கள்

'திராவிடக் கட்சிகளின் எதிர்காலம் என்ன?' என்பது மேடைக்கு ஏற்ற கேள்வி. படிவம் 20-ஆல் அதற்கு விடை சொல்ல முடியாது. 'இந்தத் தொகுதியில் நகராட்சி எல்லைக்குள் உள்ள சாவடிகளிலும் ஊராட்சிச் சாவடிகளிலும் மூன்றாம் இடம் பிடித்த கட்சியின் வாக்கு சதவீதம் எவ்வளவு வேறுபடுகிறது?' என்று கேட்டால் விடை உண்டு.

சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. உங்கள் கேள்விக்கு வரக்கூடிய விடை எந்த வடிவத்தில் இருக்கும் என்று வெற்று அட்டவணை ஒன்றைத் தாளில் வரையுங்கள். வரிசைகளுக்கும் பத்திகளுக்கும் தலைப்பு எழுத முடியவில்லையென்றால் கேள்வி இன்னும் பெரிதாக இருக்கிறது என்று பொருள்.

ஒப்பிடும் ஆண்டுகளையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 2008 தொகுதி மறுவரையறை தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலில் நடைமுறைக்கு வந்தது 2011-இல். வில்லிவாக்கம் என்ற பெயர் 2006-இலும் உண்டு, 2011-இலும் உண்டு; ஆனால் எல்லை வேறு. பெயரை நம்பி இரண்டையும் ஒரே அட்டவணையில் வைத்தால், மக்கள் மனம் மாறியதையும் கோடு மாறியதையும் பிரிக்க முடியாமல் போகும்.

3. படிவம் 20-ஐ அட்டவணையாக்குவது

இந்தப் படியில்தான் அதிக நேரம் போகும்; போகவும் வேண்டும். பல தொகுதிகளின் படிவம் தாளை ஸ்கேன் செய்த பி.டி.எஃப். ஆக இருக்கும். எழுத்துணரி மென்பொருளில் கொடுத்தால் 3, 8 ஆகும். 1, 7 ஆகும். ஆகவே ஒவ்வொரு வரிசையையும் கூட்டிப் பார்த்து, படிவத்தில் அச்சாகியுள்ள மொத்தத்தோடு பொருந்துகிறதா என்று ஒரு தனிப் பத்தியில் சோதியுங்கள். பிறகு ஒவ்வொரு வேட்பாளரின் பத்தியையும் கீழ்நோக்கிக் கூட்டுங்கள். இரண்டு பக்கமும் பொருந்தினால்தான் அடுத்த படி. குறுக்கில் மட்டும் சரிபார்த்தால், ஒரே வரிசையில் இரு வேட்பாளர்களின் வாக்கு இடம் மாறியிருப்பது தெரியாது.

பத்திகளில் மூன்றைப் பிரித்தறிய வேண்டும். செல்லத்தக்க வாக்குகளின் மொத்தம் ஒன்று, நோட்டா தனி, ஆய்வுக்குரிய வாக்கு எனப்படும் கடைசிப் பத்தி தனி. ஒருவர் பெயரில் வேறொருவர் ஏற்கெனவே வாக்களித்துவிட்டால், உண்மையான வாக்காளருக்குத் தாளில் கொடுக்கப்படும் வாக்கு அது. அதை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. புதியவர்கள் எல்லாப் பத்திகளையும் சேர்த்துக் கூட்டிவிட்டு, மொத்தம் ஏன் சற்றே அதிகமாக இருக்கிறது என்று குழம்புவது பெரும்பாலும் இதனால்தான்.

தபால் வாக்குகள் சாவடிகளில் சேராது. பட்டியலின் முடிவில் தனி வரிசையாக வரும். அவற்றை விட்டுவிட்டால் சில தொகுதிகளில் கதையே மாறிவிடும். 2016-இல் ராதாபுரத்தின் வித்தியாசம் 49 வாக்குகள். அந்த முடிவை எதிர்த்த வழக்கு தபால் வாக்குகளைச் சுற்றித்தான் நடந்தது. 2021-இல் தியாகராய நகரின் வித்தியாசம் 137. மக்களவைத் தேர்தலில் இன்னொரு சிக்கல்: தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்கு ஆறு சட்டமன்றத் தொகுதிகள், தபால் வாக்கு மக்களவைத் தொகுதி அளவிலேயே சேர்க்கப்படும். ஆறு பகுதிகளையும் கூட்டினால் இறுதி முடிவு வராது. வராததுதான் சரி.

இரண்டு தேர்தல்களின் சாவடிகளை எண் வைத்து இணைக்காதீர்கள். 2021-இல் கொரோனா காரணமாக ஒரு சாவடிக்கு 1,000 வாக்காளர் என்று வரம்பு குறைக்கப்பட்டது, முன்பு 1,500. அதனால் ஏராளமான துணைச் சாவடிகள் உருவாயின. 2024-இல் அவை மீண்டும் சேர்க்கப்பட்டன. 45-ஆம் எண் சாவடி இரு தேர்தலிலும் ஒரே தெருக்களைக் குறிக்கும் என்பதற்கு உறுதி இல்லை. சாவடிப் பட்டியலில் உள்ள தெருப் பெயர்களை வைத்துத்தான் இணைக்க முடியும். அலுப்பான வேலை; ஆனால் ஆய்வின் தரம் இங்கேதான் தீர்மானமாகிறது.

மூலக் கோப்பைத் தொடாதீர்கள். திருத்தங்களை நகலில் செய்து, எந்த வரிசையில் எதை, ஏன் மாற்றினீர்கள் என்று பக்கத்திலேயே ஒரு குறிப்புத்தாள் வையுங்கள். நெறியாளர் ஆறு மாதம் கழித்துக் கேட்பார். அப்போது நினைவிலிருந்து சொல்ல முடியாது.

4. எதால் வகுக்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

வாக்கு சதவீதம் என்று சொன்னவுடன் பலரும் ஒரே பொருளில் பேசுவதாக நினைக்கிறோம். அப்படியில்லை. நோட்டாவைச் சேர்த்து வகுத்தால் ஒன்று, விட்டு வகுத்தால் இன்னொன்று. டெபாசிட் கணக்கில் நோட்டா வராது. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டும். 1,80,000 செல்லத்தக்க வாக்குகள் உள்ள தொகுதியில் சரியாக 30,000 பெற்றவர் டெபாசிட் இழப்பார்.

இதைவிடப் பெரிய குழப்பம், மாநில அளவிலான சதவீதத்தை ஒப்பிடுவதில் வருகிறது. 2019 மக்களவைத் தேர்தலில் பா.ஜ.க. தமிழ்நாட்டில் அ.தி.மு.க. கூட்டணியில் 5 தொகுதிகளில் போட்டியிட்டுச் சுமார் 3.7 சதவீதம் பெற்றது. 2024-இல் தாமரைச் சின்னத்தில் 23 தொகுதிகள், சுமார் 11.2 சதவீதம். மூன்று மடங்கு வளர்ச்சி என்று எழுதியவர்கள் உண்டு. தொகுதிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு என்று வைத்துக்கொண்டு, போட்டியிட்ட தொகுதிகளுக்கு மட்டும் கணக்கிட்டால் 2019-இல் சராசரி 28 சதவீதத்தை ஒட்டியும், 2024-இல் 19 சதவீதத்தை ஒட்டியும் வரும். அப்படியானால் சரிவு என்று எழுதலாமா? அதுவும் தவறு. 2019-இன் 28-இல் அ.தி.மு.க. வாக்குகள் இருந்தன, 2024-இல் அந்தக் கட்சி எதிரே நின்றது. ஒரே தரவு மூன்று மடங்கு உயர்வையும் மூன்றில் ஒரு பங்கு சரிவையும் சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டாமல் ஒன்றை மட்டும் எடுப்பது கட்சிப் பேச்சாளருக்குப் பொருந்தும், ஆய்வாளருக்குப் பொருந்தாது.

2016 சட்டமன்றத் தேர்தலும் இப்படித்தான். அ.தி.மு.க. 40.8, தி.மு.க. 31.6 என்று கட்சி வாரியாகப் பார்த்தால் ஒன்பது புள்ளி இடைவெளி. ஆனால் அ.தி.மு.க. கூட்டணியில் எல்லோரும் இரட்டை இலையில் நின்றார்கள், தி.மு.க. காங்கிரசுக்கு மட்டும் 41 தொகுதிகளைக் கொடுத்திருந்தது. கூட்டணி வாரியாகப் பார்த்தால் இடைவெளி ஏறத்தாழ ஒரு புள்ளி.

சின்னம் ஏன் தேவை என்றேன் அல்லவா? 2021-இல் தேர்தல் ஆணையக் கணக்கில் தி.மு.க.வுக்கு 133 இடங்கள். அவற்றில் எட்டு பேர் ம.தி.மு.க. உள்ளிட்ட கூட்டணிக் கட்சியினர். உதயசூரியனில் நின்றதால் தி.மு.க. கணக்கில் வந்தார்கள். 125 என்று எழுதுபவரும் 133 என்று எழுதுபவரும் தத்தம் அளவில் சரி. எதை எண்ணினீர்கள் என்று சொல்லாததுதான் பிழை.

வாக்குப்பதிவு சதவீதத்துக்கும் இதே எச்சரிக்கை. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் போன்ற பெரிய நீக்கங்களுக்குப் பிறகு பட்டியலில் இருப்போர் குறைவார்கள். வாக்களித்தோர் எண்ணிக்கை மாறாமலேயே சதவீதம் ஏறும். 'மக்களிடம் எழுச்சி' என்று எழுதுவதற்கு முன் எண்ணிக்கையைப் பாருங்கள்.

5. சாவடியிலிருந்து ஆளுக்குத் தாவாதீர்கள்

'இந்தச் சமூகத்தினர் அதிகம் வாழும் சாவடிகளில் இந்தக் கட்சி அதிகம் பெற்றிருக்கிறது. ஆகவே அந்தச் சமூகத்தினர் அந்தக் கட்சிக்கு வாக்களித்தார்கள்.' மாணவர் கட்டுரைகளில் நான் மிக அதிகமாக அடித்துத் திருத்தும் வாக்கியம் இதுதான். அந்தச் சாவடிகளில் வாழும் மற்றவர்கள் எதிர்வினையாக அப்படி வாக்களித்திருக்கலாம். தொகுப்பின் எண் தனிமனிதரைப் பற்றிப் பேசாது.

இதற்குப் பாடநூல் எடுத்துக்காட்டு அமெரிக்காவின் 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகம் வாழ்ந்த மாநிலங்களில் எழுத்தறிவு அதிகம். ஆனால் ஆள் ஆளாகப் பார்த்தால், வெளிநாட்டில் பிறந்தவர்களிடம் எழுத்தறிவு குறைவு. எழுத்தறிவு கூடிய மாநிலங்களில் அவர்கள் போய்க் குடியேறியிருந்தார்கள், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டுத் தரவில் ஓர் அரிய வசதி உண்டு. சில இடங்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிச் சாவடிகள். பட்டியலில் அந்தக் குறிப்பு இருக்கும். ஒரே பகுதியின் ஆண் சாவடியையும் பெண் சாவடியையும் இணையாக வைத்தால், பாலின வேறுபாட்டை ஊகிக்காமல் எண்ணியே பார்க்கலாம். இத்தனை நல்ல தரவை நம் துறைகள் ஏன் இவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகின்றன என்பது எனக்குப் புரிவதில்லை. ஆனால் இப்படிப் பிரிக்கப்பட்ட சாவடிகள் தொகுதி முழுவதற்கும் மாதிரி ஆகாது. அதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்.

6. களத்துக்குப் போவது

எண் எழுப்பும் கேள்வியோடு போங்கள். எண்ணுக்கு ஒப்புதல் கேட்கப் போகாதீர்கள். கல்லூரியில் அறநெறிக் குழு இருந்தால் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். பேசுபவர் பெயரைக் குறிப்பேட்டில் எழுதாமல் குறியீட்டு எண் இடுங்கள். வாக்காளர் பட்டியலில் உள்ள பெயரை வைத்துச் சாதியை ஊகித்து அட்டவணை போடும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது தவறாகவும் போகும், ஆபத்தாகவும் முடியும்.

7. வகுப்பில் வைப்பது

பத்திரிகைக்கு முன் வகுப்பு ஏன்? உங்கள் அட்டவணையில் உள்ள ஓட்டையை அறுபது மாணவர்கள் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதே ஓட்டையை நாளிதழ் வாசகர் கண்டுபிடித்தால் விலை அதிகம்.

முதல் வகுப்பில் கட்சிப் பெயர்களை நீக்கிவிட்டு அ, ஆ, இ என்று மாற்றிய நான்கைந்து பக்கங்களைக் கொடுங்கள். பெயர் தெரிந்தால் மாணவர்கள் படிப்பதை நிறுத்திவிட்டு ஆதரிக்கத் தொடங்கிவிடுவார்கள். வரிசைக் கூட்டல், டெபாசிட் கணக்கு, பிறகு பயனுறு கட்சிகளின் எண்ணிக்கை (வாக்குப் பங்கை வைத்துப் பார்த்தால் உண்மையில் எத்தனை கட்சிகளுக்கு இடையே போட்டி என்று காட்டும் அளவு) என்று போகலாம். கடைசியாகச் சொன்னது எளிது: 50, 40, 10 சதவீதம் என்றால் 0.25, 0.16, 0.01 என்று வர்க்கங்களைக் கூட்டினால் 0.42, ஒன்றை அதால் வகுத்தால் ஏறத்தாழ 2.4. மூன்று கட்சிகள் நின்றாலும் போட்டி இரண்டுக்குச் சற்று மேல்தான் என்பது கணக்கிலேயே தெரிந்துவிடும்.

அடுத்த வகுப்பில் பெயர்களைச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் மூன்று வாக்கியம் எழுதட்டும்: இந்தத் தரவு சொல்வது ஒன்று, சொல்லாதது ஒன்று, சொல்ல வைக்க இன்னும் என்ன வேண்டும் என்பது ஒன்று. நடு வாக்கியத்துக்குத்தான் மதிப்பெண் அதிகம் கொடுக்க வேண்டும். அங்கேதான் திணறுவார்கள்.

தேர்தல் நாளில் மாணவர்களை அனுப்பி, வாக்களித்து வருவோரிடம் கேட்கச் சொல்லும் ஆர்வக் கோளாறு வேண்டாம். 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126அ பிரிவு, அறிவிக்கப்பட்ட காலத்தில் வாக்குக்குப் பிந்தைய கணிப்பை (எக்ஸிட் போல்) நடத்தி வெளியிடுவதைத் தடுக்கிறது. எந்த வகையில் பரப்பினாலும் குற்றம் என்பதால் வாட்ஸ்அப் குழுவும் அதில் வரும். இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தடை முடியும் நேரம் உங்கள் மாநிலத்தைப் பொறுத்ததும் அல்ல: 2021-இல் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 6; மேற்கு வங்கத்தின் கடைசிக் கட்டம் ஏப்ரல் 29 என்பதால் அன்று மாலை வரை தடை நீடித்தது.

8. நாளிதழுக்கு எழுதுவது

முதலில் உங்கள் பணி விதிகளைப் படியுங்கள். அரசுக் கல்லூரி ஆசிரியர் என்றால் 1973-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் பொருந்தும். அரசின் கொள்கையைப் பொதுவெளியில் விமர்சிப்பதற்கு அதில் கட்டுப்பாடு உண்டு. தனியார், உதவி பெறும் கல்லூரிகளில் நியமன ஆணையிலேயே ஏதாவது நிபந்தனை இருக்கலாம். துறைத் தலைவருக்கு ஒரு வரி எழுதிப் பதில் வாங்கி வைத்துக்கொள்வது பிற்பாடு உதவும். வாய்மொழியாக 'சரி சார்' என்று சொன்னது பிரச்சினை வந்தால் யாருக்கும் நினைவிருக்காது.

கட்டுரைக்கு ஒரே ஒரு கண்டுபிடிப்பு. ஆய்வில் ஏழு கண்டுபிடிப்புகள் இருந்தாலும் 700 சொற்களில் ஒன்றுதான் நிற்கும். அந்த எண் எப்படி வந்தது என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள்: எந்தத் தேர்தல், எதால் வகுத்தது, தபால் வாக்கு சேர்ந்ததா. இந்த வாக்கியத்தை உதவி ஆசிரியர் வெட்டப் பார்ப்பார். விடாதீர்கள்.

இடைத்தேர்தலை வைத்து மாநிலப் போக்கு எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். 2024 விக்கிரவாண்டியிலும் 2025 ஈரோடு கிழக்கிலும் அ.தி.மு.க. போட்டியிடவில்லை. முதன்மை எதிர்க்கட்சி இல்லாத களத்தில் ஆளும்கட்சியின் சதவீதம் ஏறியதை 'ஆதரவு அலை' என்று எழுதினால், மறுநாளே யாராவது அதைச் சுட்டிக்காட்டுவார்கள்.

தலைப்பை நீங்களே இரண்டு மூன்று எழுதி அனுப்புங்கள். இல்லையென்றால் பத்திரிகை வைக்கும் தலைப்பு, நீங்கள் கவனமாகத் தவிர்த்த முடிவையே சொல்லும். கட்சியோடு உறவோ பணியோ இருந்தால் பெயருக்குக் கீழே குறிப்பிடச் சொல்லுங்கள்.

9. தொலைக்காட்சி அழைத்தால்

வாக்கு எண்ணும் நாளில் காலை 8 மணிக்குத் தபால் வாக்கு, அரை மணி நேரம் கழித்து இயந்திர வாக்கு. வழக்கமாக 14 மேசைகள். ஒரு சுற்றுக்கு 14 சாவடிகள், எண் வரிசைப்படி. அதாவது முதல் சில சுற்றுகள் தொகுதியின் ஒரு மூலையிலிருந்து மட்டுமே வருகின்றன. எந்த மூலை என்பது உங்கள் சாவடிப் பட்டியலில் இருக்கிறது. 'முன்னணி நிலவரம்' குறித்துக் கருத்துக் கேட்டால் இந்த ஒரு விளக்கத்தையே சொல்லுங்கள்; அரங்கில் வேறு யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். கணிப்புச் சொல்லும் ஆசையை மற்றவர்களுக்கு விட்டுவிடலாம்.

10. வெளியான பிறகு

வாசகர் பிழை சுட்டினால் மூலக் கோப்போடு ஒப்பிட்டுவிட்டுப் பதில் எழுதுங்கள். மூன்றாம் படியில் வைத்த குறிப்புத்தாள் இப்போது உதவும். பிழை உண்மை என்றால் பத்திரிகைக்கும் வகுப்புக்கும் ஒரே நாளில் தெரிவியுங்கள்.

நாளிதழ்க் கட்டுரைக்கு ஆய்விதழ்க் கட்டுரைக்கு உள்ள மதிப்பெண் பதவி உயர்வில் இல்லை என்பதால், அதையே நீட்டி ஆய்விதழுக்கோ ஆய்வேட்டுக்கோ பயன்படுத்துவது இயல்பு. அப்படிச் செய்யும்போது வாக்கியங்களை அப்படியே எடுத்து வைக்காதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகள்படி 10 சதவீதம் வரையிலான ஒற்றுமைக்குத்தான் நடவடிக்கை இல்லை. இணையத்தில் ஏறிய உங்கள் சொந்தக் கட்டுரையையும் ஒற்றுமையைச் சோதிக்கும் மென்பொருள் பிறருடையதைப் போலவே எண்ணும். அட்டவணையை மட்டும் எடுத்துக்கொண்டு, உரையைப் புதிதாக எழுதி, முன்பு நாளிதழில் வந்ததை அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள்.